ஆபத்தை ஏற்கும் உரிமை

விளையாட்டைப் பற்றிச் சிந்திப்பது சிந்தனையாளர்க்கு இழுக்கு என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். அதுவும் மோட்டார்ப் பந்தயம் என்றால் கேட்கவே வேண்டியதில்லை. பணம் படைத்தோர் பெற்றோலை எரித்துப் பொழுதைப் போக்குகின்றனர், அதில் நமக்கென்ன என்று கூறி ஒதுக்கிவிடுவர். ஆயின், ஒரு சமுதாயம் தன் தொழிற்சாலைகளிலும் வயல்களிலும் எவ்வாறு இயங்குகின்றது என்பதைக் கொண்டு மட்டுமன்றி, தன் ஓய்வு நேரத்தில் எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதைக் கொண்டும் அதனை அளவிடலாம். அவ்வோய்வு நேரத்திலே யாருடைய உயிர் எவ்வளவு மதிக்கப்படுகின்றது என்ற கேள்வி அற்பமான கேள்வியன்று. ஒரு கார்க் கழகம் மழை நாளொன்றில் நடத்தும் போட்டியை எடுத்துக்கொண்டு, மனிதன் ஆபத்தை ஏற்பது எப்பொழுது அறமாகும், எப்பொழுது அறமாகாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மோட்டார் விளையாட்டுக்களுள் மலையேற்றப் போட்டி மிக எளிமையானது. வளைந்து வளைந்து மேலேறும் குறுகிய பாதையொன்று. அதன் அடியிலே ஒரு கோடு, உச்சியிலே ஒரு கோடு. கார்கள் ஒன்றையொன்று முந்திச் செல்வதில்லை. ஒவ்வொன்றாகப் புறப்பட்டு மேலேறும். எடுத்த நேரம் செக்கனின் நுண்பகுதி வரை கணிக்கப்படும். இங்கிலாந்திலுள்ள செல்ஸ்லி வோல்ஷ் என்னும் இடத்தில் 1905 ஆம் ஆண்டு தொடங்கிய இத்தகைய போட்டி, போர்க்காலங்கள் நீங்கலாக, இன்றும் அதே குன்றில் நடைபெறுகின்றது. ஏறத்தாழ 1,000 யார் நீளமான அப்பாதையை ஏறுவதற்கு முதலாண்டில் வென்ற கார் 77.6 செக்கன் எடுத்தது; இன்று 23 செக்கனுக்கும் குறைந்த நேரத்தில் ஏறுகின்றனர். நமது நாட்டில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. சித்திரை மாதத்தில், மலைநாட்டின் வசந்த காலக் கொண்டாட்டங்களை ஒட்டி இத்தகைய போட்டிகள் நடப்பது வழக்கம். காலையிலே வெயில் எறிக்கும். நண்பகல் கழிந்ததும் கருமேகம் திரண்டு மழை கொட்டும். சித்திரையின் இவ்வியல்பை மலைநாட்டார் அனைவரும் அறிவர்.

இப்போட்டிகளிற் கலந்துகொள்வோரிற் பெரும்பாலோர் பந்தயத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர். வாரநாட்களில் அலுவலகத்திலோ கடையிலோ கராஜிலோ உழைத்துவிட்டு, விடுமுறை நாளில் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுக் கார் ஓட்ட வருபவர்கள். இவர்களை ‘அமெச்சூர்’ என்கின்றோம். இச்சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு ‘நேசிப்பவன்’ என்பது பொருள். ஊதியத்துக்காகவன்றி நேசத்துக்காகச் செய்பவன் என்ற பொருள் எவ்வளவு அழகானது! எனினும் இச்சொல்லுக்கு ஒரு வர்க்க வரலாறும் உண்டு. படகோட்டப் போட்டிக்குப் புகழ்பெற்ற இங்கிலாந்தின் ஹென்லியில் 1879 ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதி, கைத்தொழிலாளியையும் கம்மியனையும் கூலியுழைப்பாளியையும் அமெச்சூர் அல்லர் என்று விலக்கியது. உடலால் உழைத்து வாழ்பவன் நேசிக்கத் தகுதியற்றவன் என்பதே அதன் உட்பொருள். 1907 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புரூக்லண்ட்ஸ் மோட்டார்ப் பந்தயத் திடலும் தகுந்த கூட்டம் வரும், நெருக்கடி இராது என்ற கருத்துப்படத் தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது. தகுந்தவர் யாவர் என்று விளக்க வேண்டியதில்லை.

இவ்வேலியைத் தகர்க்க முயன்றோரும் உளர். 1922 ஆம் ஆண்டு வெளிவந்த ஒஸ்ரின் செவன் என்னும் சிறு காரை அடிப்படையாகக் கொண்டு, 1939 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 750 மோட்டார்க் கழகம் என்றொரு சங்கம் அமைந்தது. பழைய சிறு காரொன்றை வாங்கி, வீட்டுக் கொட்டிலில் வைத்துத் தம் கைகளாலேயே திருத்தி அமைத்துப் பந்தயத்துக்குக் கொண்டுவர அது வழி செய்தது. பிற்காலத்தில் லோட்டஸ் நிறுவனத்தை உருவாக்கிப் புகழீட்டிய கொலின் சப்மன் அக்கழகத்திலிருந்து வளர்ந்தவரே. கையில் எண்ணெய்க் கறை படிந்த கம்மியனும் நேசிக்கக்கூடியவன் என்பதை அக்கொட்டில்கள் நிரூபித்தன. ஆதலின் கார்க் கழகம் என்பது அடிப்படையிற் செல்வந்தரின் விளையாட்டே என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறுவது பொருந்தாது. அது யாருக்குத் திறந்திருக்கின்றது என்பதே கேள்வி.

இனி மழைக்கு வருவோம். காரின் எடை முழுவதும் நான்கு சில்லுகளின் ஊடாகப் பாதையிற் பதிகின்றது. ஒவ்வொரு சில்லிலும் தரையைத் தொடும் ரயரின் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. ஓடுவதும் திரும்புவதும் நிற்பதும் அவ்வுள்ளங்கை பாதையைப் பற்றிக்கொள்வதிலேயே தங்கியுள்ளன. மழை பெய்ததும் றப்பருக்கும் பாதைக்கும் இடையே நீர் புகுந்துவிடுகின்றது. ரயரின் வெட்டுக்கள் அந்நீரை வெளியே தள்ள முயலும். வேகம் கூடி, நீரும் மிகுந்தால், தள்ளி முடிக்க நேரம் போதாது. அப்பொழுது ரயர் பாதையை விட்டு நீரின் மீதே மிதக்கத் தொடங்கும். சுக்கானைத் திருப்பினாலும் கார் திரும்பாது. பிறேக்கை மிதித்தாலும் நில்லாது. அந்நிலையை எட்டாத சாதாரண ஈரப் பாதையிலும், நிற்பதற்கு வேண்டிய தூரம் உலர்ந்த பாதையில் வேண்டியதைப் போல இருமடங்கேனும் ஆகலாம் என்று பிரித்தானிய வீதி ஒழுங்கு நூல் சாரதிகளை எச்சரிக்கின்றது.

இதன் விளைவொன்று கருதத்தக்கது. ஈரப் பாதையில் வலுமிக்க இயந்திரம் தன் வலுவை முழுமையாகப் பயன்படுத்த முடிவதில்லை. விலையுயர்ந்த பெருங்கார் வழுக்கித் தடுமாறும் அதே வளைவில், பழைய சிறு காரொன்று மெல்லிய பாதமும் நிதானமும் உடைய சாரதியின் கையில் அமைதியாக ஏறிச் செல்லும். உலர்ந்த நாளிற் பணம் வாங்கித்தரும் நன்மையின் ஒரு பகுதியை மழை பறித்துக்கொள்கின்றது. மழையைச் சமத்துவத்தின் நண்பன் என்று சிலர் போற்றுவது இதனாலேயாம். ஆயினும் இதனை அளவுக்கு மீறி நம்பலாகாது. மழைக்கென்றே வார்க்கப்பட்ட தனி ரயர்களும் விற்பனைக்கு உள்ளன. அவற்றைக் கொண்டுவந்தவன் மீண்டும் முன்னே செல்வான். இயற்கை ஒரு கணம் தரும் சமத்துவத்தை விதியொன்று காவாதவிடத்துச் சந்தை திரும்ப எடுத்துக்கொள்ளும்.

மழை மற்றுமோர் அநீதியையும் விளைவிப்பதாகப் போட்டியாளர் குறைகூறுவர். காலையில் ஏறியவனுக்கு உலர்ந்த பாதை. மாலையில் ஏறுபவனுக்கு நீரோடும் பாதை. ஒரே அட்டவணையில் இருவர் நேரமும் எழுதப்படுவது நியாயமா என்பர். இக்குறையை நாம் பெரிதாகக் கொள்வதற்கில்லை. வானம் எவர்க்கும் பகையன்று. புறப்படும் வரிசை முன்னரே அறிவிக்கப்பட்டு, எல்லோர்க்கும் ஒரே எண்ணிக்கையான ஓட்டங்கள் அளிக்கப்பட்டு, ஒருவர்க்காகவும் விதி வளைக்கப்படாதிருக்குமாயின், எஞ்சிய வேறுபாட்டை மனிதர் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொள்வர். மனிதனை வதைப்பது இயற்கையின் ஏற்றத்தாழ்வன்று. மனிதனே ஏற்படுத்திவிட்டு இயற்கையின் மேற் பழி சுமத்தும் ஏற்றத்தாழ்வே.

உண்மையான அறக் கேள்வி நேரக்கணக்கில் இல்லை, உயிர்க்கணக்கில் உள்ளது. ஈரப் பாதையிற் கார் ஓடலாமா என்று கேட்டால், “ஆபத்தை அறிந்துதானே வருகின்றனர், விரும்பி ஏற்றவனுக்குத் தீங்கென்று ஒன்றில்லை” என்ற விடை உடனே கிடைக்கும். இஃது உரோமரிடமிருந்து ஆங்கிலச் சட்டம் பெற்றுக்கொண்ட பழைய கோட்பாடு. 1930 ஆம் ஆண்டில் புரூக்லண்ட்ஸ் திடலில் இரு கார்கள் மோதி, ஒன்று தடுப்பைத் தாண்டிப் பார்வையாளர் நடுவே வீழ்ந்தது. உயிர்கள் பிரிந்தன. காயமுற்ற ஒருவர் வழக்குத் தொடுத்தார். இதற்கு முன் அத்திடலில் அவ்வாறு நிகழ்ந்ததில்லை. நியாயமான பாதுகாப்பைத் திடலார் அளித்திருந்தனர். எஞ்சிய ஆபத்தைப் பார்வையாளர் ஏற்றுக்கொண்டே வருகின்றனர் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் திடலாருக்குச் சார்பாக முடிவு செய்தது. சட்டத்தின் நோக்கில் அது சரியாக இருக்கலாம். ஆனால் 1955 ஆம் ஆண்டில் பிரான்சின் லு மான் பந்தயத்தில் ஒரே கணத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அவர்கள் எல்லோரும் தம் மரணத்தை விரும்பி ஏற்றவர்கள் என்று சொல்ல யாருக்கு நா எழும்?

நம் நாட்டிலேயே, 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி, தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் பந்தயத்திற் கார் ஒன்று தடம் விலகிக் கூட்டத்துட் பாய்ந்தது. எழுவர் உயிரிழந்தனர். போட்டியை நடத்த உதவியோர் அவருட் சிலர். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் அவருள் ஒருத்தி. அன்று மழையில்லை; மண் பாதையில் எழுந்த புழுதியே பார்வையை மறைத்தது என்றனர். மழையாயினும் புழுதியாயினும் கேள்வி ஒன்றே. எட்டு வயதுக் குழந்தை எந்த ஆபத்தை அறிந்து, எந்த ஆபத்தை ஏற்றாள்?

ஆதலின் ‘விரும்பி ஏற்றல்’ என்ற சொற்றொடரைச் சற்றே பிரித்துப் பார்ப்பது அவசியமாகின்றது. ஒருவன் ஆபத்தை ஏற்றான் என்று நாம் கூறுவதற்கு மூன்று நிலைமைகள் பொருந்த வேண்டும். ஒன்று, அவ்வாபத்து யாதென அவன் அறிந்திருக்க வேண்டும். இரண்டு, வேண்டாம் என்று மறுத்துச் செல்லும் சுதந்திரம் அவனுக்கு இருத்தல் வேண்டும். மூன்று, தொடங்கிய பின்னரும் நிறுத்துவதற்கு அவனுக்கு வலுவிருத்தல் வேண்டும். இம்மூன்றும் உள்ளவிடத்தே துணிவு என்ற சொல் பொருந்தும். இவற்றுள் ஒன்று குறையினும், அது துணிவன்று. ஒருவரது விளையாட்டுக்கு மற்றொருவர் கொடுக்கும் விலை.

இவ்வளவுகோலை மழை நாளின் மலைப்பாதையில் வைத்துப் பார்ப்போம். சாரதிக்கு மூன்றும் உள்ளன என்றே முதலில் தோன்றும். பாதை ஈரமென்பதை அவன் அறிவான், புறப்படாமல் இருக்கலாம், இடையில் வேகத்தைக் குறைக்கலாம். எனினும் வெட்கம் என்றொரு தளை அவனையும் பிணிக்கின்றது. நெடுந்தொலைவிலிருந்து காரைக் கொண்டுவந்தாயிற்று, கட்டணமும் செலுத்தியாயிற்று, நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். “மழைக்குப் பயந்துவிட்டான்” என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி ஆபத்துக்கு அஞ்சாதவனாக நடிப்பவர் எத்தனைபேர்! 1976 ஆம் ஆண்டு ஒக்தோபரில் ஜப்பானின் பூஜி திடலில் உலக வாகையைத் தீர்மானிக்கும் இறுதிப் பந்தயம் கடும் மழையிலே தொடங்கியது. அவ்வாண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி நெருப்பில் வெந்து மரணத்தின் விளிம்புவரை சென்று, ஆறு வாரங்களில் மீண்டும் பந்தயத்துக்குத் திரும்பியிருந்த நிக்கி லவுடா, இரண்டு சுற்றுக்கள் ஓடியபின் காரை நிறுத்தி இறங்கிவிட்டார். ஒரேயொரு புள்ளியால், 69க்கு 68 என்ற கணக்கில், வாகை ஜேம்ஸ் ஹன்ற்றுக்குச் சென்றது. ஆறு வாரங்களில் திரும்பி வந்ததைத் துணிவென்று போற்றாதார் இல்லை. இறங்கிச் சென்றதும் அதற்குக் குறையாத துணிவென்பதே எமது கருத்து. பெரும் ஊதியமும் உலகப் புகழும் பணயமாக இருந்த ஒருவரே நிறுத்தமுடியுமாயின், நேசத்துக்காக ஓட்டும் அமெச்சூர் நிறுத்துவதில் வெட்கத்துக்கு இடமேது?

அடுத்து, பாதையோரத்திற் கொடிகளுடன் நிற்கும் தொண்டர்களை நோக்குவோம். இவர்கள் இன்றிப் போட்டி இல்லை. அதிகாலை முதல் மழையில் நனைந்தவாறு வளைவுகளில் நிற்பர்; வழுக்கிய காரைத் தள்ளிவிடுவர்; சிந்திய எண்ணெயை மண் தூவித் துடைப்பர். வெற்றிக் கிண்ணத்தில் இவர்கள் பெயர் பொறிக்கப்படுவதில்லை. சாரதியைச் சுற்றித் தலைக்கவசமும் இரும்புக் கூடும் பட்டிகளும் உண்டு. இவர்களைச் சுற்றி மழையங்கி ஒன்றே. தனக்கு முடியாதென்று தோன்றும்போது சாரதி பாதத்தை எடுக்கலாம். தொண்டரோ தம்மை நோக்கி வரும் காரின் பாதத்தை எடுக்க முடியாது. இவர்களுக்கு மூன்றாம் நிலைமையை அளிக்கக்கூடியது ஒன்றே. அதுதான் செங்கொடி. செங்கொடி காட்டப்பட்டால் ஓட்டம் நிற்க வேண்டும் என்பது மோட்டார் விளையாட்டின் பொதுவிதி. வளைவில் நிற்கும் மிகச் சாதாரணமான தொண்டர் “இனிப் போதும், நீர் ஓடுகின்றது” என்று சொல்லும்போது, மேடையிலிருக்கும் தலைவரும் அனுசரணையாளரும் அதற்குச் செவிசாய்க்கின்றனரா? ஒரு கழகத்தின் ஒழுக்கத்தை அறிய விரும்புவோர் அதன் கிண்ணங்களை எண்ண வேண்டியதில்லை. இக்கேள்விக்கு விடை கண்டாற் போதும்.

இவ்விடத்தில் நியாயப்படுத்தும் வாதமொன்று எழும். “இதுவரை எத்தனையோ மழை நாட்களில் நடத்தினோம், ஒன்றும் நேரவில்லையே!” 1976 ஆம் ஆண்டில் பேர்னாட் வில்லியம்ஸ், தொமஸ் நேகல் என்னும் இரு தத்துவ அறிஞர் அறத்திலே அதிட்டத்துக்கு உள்ள இடத்தை ஆராய்ந்தனர். பிறேக்கைச் சோதிக்காத லொறிச் சாரதி ஒருவனை நேகல் உதாரணமாகக் காட்டுவார். பாதையிற் குழந்தை குறுக்கிட்டால் அவன் உயிர் பறித்தவனாகின்றான். குறுக்கிடாவிட்டால் சிறு கவனக்குறைவு உடையவனாகவே வீடு திரும்புகின்றான். செய்த தவறு இருவழியும் ஒன்றே. மழை நாளின் அமைப்பாளர்க்கும் இது பொருந்தும். அபாய வளைவின் வெளிப்புறத்திற் கூட்டத்தை நிற்க விட்டுப் போட்டியைத் தொடர்ந்த இருவருள் ஒருவரைப் “பரபரப்பான நாள்” என்று பாராட்டுகின்றோம். மற்றவரை மரண விசாரணையில் நிறுத்துகின்றோம். அறம் இருவரையும், முடிவெடுத்த அந்த நிமிடத்திலே, ஒரே தராசில் நிறுக்கும். ஒன்றும் நேராமை ஒருவரது நல்லொழுக்கத்துக்குச் சான்றாகாது.

இன்னுமொரு தரப்பாரை மறத்தலாகாது. நுவரெலியாவின் சரிவுகளில் இதே மழை கொழுந்தெடுக்கும் பெண்ணின் மீதும் பெய்கின்றது. இடையிற் படங்கும் முதுகிற் கூடையுமாக, வழுக்கும் செங்குத்தான சரிவிலே அவள் ஏறுவதும் இறங்குவதும் ஆண்டு முழுவதும் நடக்கும் ஏற்றப் போட்டி. அதற்கு நேரங்கணிப்போர் உளர்; கைதட்டுவோர் இலர். நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021 ஆம் ஆண்டிலேதான் வர்த்தமானியில் ஏறியது. மழைக்கு அஞ்சி நின்றுவிட்டால் அவளது சம்பளமும் நின்றுவிடும். மேலுமோர் உதாரணம்: 2014 ஆம் ஆண்டு ஒக்தோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையிற் பெருமழையால் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் அபாயமானது என்ற எச்சரிக்கை ஆண்டுகள் பலவற்றுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. அறிந்தும் இருந்தார்களே, ஆதலின் ஆபத்தை ஏற்றார்கள் என்று கூறலாமா? போவதற்கு வேறு வீடில்லாதவன் தங்கியிருப்பது ஏற்பன்று. மூன்று நிலைமைகளுள் முதலாவது மட்டும் இருந்து, ஏனைய இரண்டும் இல்லாதவிடத்து, அறிவுகூட ஒரு சித்திரவதையே.

இவ்வாறு கூறுவதால், கார்க் கழகங்களை மூடிவிடுக, மழை பெய்தால் மனிதர் வீட்டுக்குள் அடைந்து கிடக்க என்று நாம் வாதிடுவதாக எண்ணற்க. மனிதனுக்கு உணவும் உறையுளும் போன்று விளையாட்டும் வேண்டும். தன் உடலின் எல்லையையும் தன் அச்சத்தின் எல்லையையும் தானே தேர்ந்த ஒரு களத்திற் சோதித்து அறிவதில் ஓர் உயர்ந்த இன்பம் உண்டு. ஈரப் பாதை கற்பிக்கும் பாடமும் சிறந்ததே. முரட்டுத்தனமாக மிதிப்பவனை அது உடனே தண்டிக்கின்றது. மென்மையாகக் கையாள்பவனுக்கு இடந்தருகின்றது. மழை நாளொன்றின் நட்பும் அத்தகையதே. தன் போட்டியாளனின் கார் நின்றுபோனால், அதே வகுப்பில் அவனை வெல்ல வந்தவனே குடையைப் போட்டுவிட்டுக் கருவிப்பெட்டியுடன் ஓடிவந்து முழந்தாளிடுவதைக் கழகப் போட்டிகளிற் காணலாம். சந்தையின் போட்டியில் இத்தகைய காட்சியைக் காண்பது அரிது. எமது மாணவர் பலர் கராஜ்களில் வேலை பழகச் செல்கின்றனர். இயந்திரத்தின் மீது அவர்களுக்குள்ள நேசம் செல்வந்தரின் நேசத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. அவர்கள் அத்தொடக்கக் கோட்டில் ஒருநாள் நிற்கவேண்டும் என்பதே எமது விருப்பம்.

நாம் வேண்டுவது இவ்வளவே. மழை வலுத்தபோது நிறுத்தும் அதிகாரம், மிகுந்த ஆபத்தில் நிற்பவனுக்கு முதலில் இருக்கட்டும். விலகிக்கொள்பவன் வெட்கப்படாதிருக்க, கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கும் விதியொன்று இருக்கட்டும். பார்வையாளர் நிற்கும் இடத்தைக் கூட்டத்தின் ஆர்வம் தீர்மானியாது, கார் விலகிச் செல்லக்கூடிய திசை தீர்மானிக்கட்டும். குழந்தைகள் சார்பில் ஆபத்தை ஏற்கும் உரிமை பெற்றோர்க்கும் இல்லை என்பது உணரப்படட்டும். பந்தயத்துக்காகப் பாதை மூடப்படுமாயின், அப்பாதையாலே வேலைக்கும் வைத்தியசாலைக்கும் செல்லும் மக்களிடம் முன்கூட்டியே கேட்கப்படட்டும். இவற்றுக்கு விலையுயர்ந்த கருவிகள் எவையும் வேண்டா. பிறனுடைய உயிரைத் தன் உயிராக எண்ணும் மனம் ஒன்றே வேண்டும்.

மறுக்கக்கூடியவன் ஏற்கும் ஆபத்தே விளையாட்டு. அம்மறுப்புரிமையை ஒரு சாரதிக்கு எவ்வளவு இயல்பாக அளிக்கின்றோமோ, அவ்வளவு இயல்பாகக் கொடி பிடிப்பவனுக்கும் கொழுந்தெடுப்பவளுக்கும் சரிவின் கீழ் வாழும் குடும்பத்துக்கும் அளிக்கும் நாளிலேதான் துணிவைப் பற்றிப் பேசும் தகுதியை நம் சமுதாயம் பெறும்.